கைலி மறைக்கும் இடுப்பு: உடல் பருமனை வீட்டிலேயே அளக்க ரங்கூன் தமிழருக்கு ஒரு முழு வழிகாட்டி

கைலிக்கு நம்பர் கிடையாது. பேண்ட் போடுகிறவருக்கு 34 போதாமல் 36 வாங்கும்போது உடம்பு ஏறியது தெரிந்துவிடும். பெல்ட்டில் ஓட்டை மாறினாலும் தெரியும். நாம் கட்டுவது சுமார் இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள துணிக்குழாய். இடுப்பு 30 அங்குலமாக இருந்தபோது கட்டிய அதே கைலி 42 ஆன பிறகும் இடுப்பில் நிற்கும். முன்னால் மடிக்கிற துணி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதை யார் கவனிக்கிறோம்?

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், கவனிக்கவில்லை. பத்து வருடமாக அவர் எடை 148 பவுண்டு. "கல்யாணத்தப்ப என்ன எடையோ அதே எடைதான் மாப்ளே" என்று பெருமையாகச் சொல்வார். சளி, காய்ச்சல் என்று போகும் மருந்தகத்திலும் தராசில் ஏற்றிப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்றே அனுப்பினார்கள். இடுப்பை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. 46 வயதில் கால் விரலில் ஒரு புண் ஆறாமல் இழுத்தபோதுதான் சர்க்கரை வந்து நாளாகிவிட்டது தெரிந்தது. அன்றைக்கு நான் டேப்பை எடுத்து அளந்தேன். 38 அங்குலம்.

நான் டாக்டர் இல்லை. இருபது வருடம் தையல் கடை வைத்திருந்தவன். இப்போது கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் நடக்கும்போதெல்லாம் டேப் பிடிப்பது என் வேலை. முகாமில் டாக்டர்கள் சொல்லிக் கொடுத்தது, நான் தேடிப் படித்தது, கையால் அளந்து பழகியது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்துவிடலாம்.

என்னென்ன வேண்டும்

ஒரு தையல் டேப், ஒரு தராசு, கை வைக்காத நாற்காலி, வினாடி காட்டும் கடிகாரம் அல்லது போன், ஒரு நோட்டு. இன்னொரு ஆள் வேண்டும். தன்னைத் தானே அளப்பவர் குனிந்து பார்ப்பார், குனிந்தால் இடுப்பளவு மாறிவிடும்.

டேப்பை முதலில் சோதியுங்கள். துணி டேப் இழுத்து இழுத்து நீண்டுபோகும், முனையில் தகரம் கழன்றிருக்கும். ஒரு ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து முதல் 12 அங்குலமும் நடுவில் ஒரு 12 அங்குலமும் ஒத்துப் போகிறதா பாருங்கள். போகவில்லையா, புது டேப் வாங்குங்கள். அதிகக் காசு இல்லை.

தராசைச் சோதிக்க நம் ஊரில் வசதியான பொருள் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது: 20 லிட்டர் குடிதண்ணீர் பாட்டில். காலி பாட்டிலை நிறுத்து எழுதுங்கள். நிறைந்த பாட்டிலை நிறுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 20 கிலோவை, அதாவது 44 பவுண்டை ஒட்டி வர வேண்டும். மூன்று நான்கு பவுண்டு தள்ளிக் காட்டினால் அந்தத் தராசை நம்ப வேண்டாம். பழைய வீடுகளில் பலகைத் தரை அமுங்கும், தராசு பொய் சொல்லும். சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில் வையுங்கள்.

உயரம்

செருப்பில்லாமல் சுவரோடு சேர்ந்து நில்லுங்கள். குதிகால், பின்புறம், தோள்பட்டை, பின்தலை நான்கும் சுவரைத் தொட வேண்டும். தொப்பை இருப்பவருக்குப் பின்தலை தொடாமல் போகலாம், கட்டாயப்படுத்த வேண்டாம், நேராகப் பார்த்தால் போதும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் சுவருக்குச் செங்குத்தாக அழுத்திப் பென்சிலால் கோடு போடுங்கள். பெண்கள் கொண்டையை அவிழ்க்க வேண்டும், பூவையும் எடுக்க வேண்டும். முகாமில் கொண்டையோடு அளந்து ஒன்றரை அங்குலம் கூடிப்போன பெரியம்மாக்கள் உண்டு.

அடையாள அட்டையில் இருக்கிற உயரத்தை எடுத்து எழுதாதீர்கள். அது எப்போதோ அளந்தது. அறுபதைத் தாண்டினால் முதுகெலும்பு அமுங்கி உயரம் குறையும்.

எடை

காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, ஒன்றும் சாப்பிடுவதற்கு முன்னால். கைலியும் மெல்லிய சட்டையும் போதும். பையில் சாவி, போன் இருக்கக் கூடாது. ஒரு நாளிலேயே எடை இரண்டு மூன்று பவுண்டு ஏறி இறங்குவது இயல்பு. தண்ணீர், உப்பு, முந்தைய இரவின் பிரியாணி எல்லாம் அதில் சேர்த்தி. அதனால் தினமும் ஏறிப் பார்த்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம்.

நம் ஊரில் உடம்பு எடையைப் பவுண்டிலும் உயரத்தை அடி அங்குலத்திலும் சொல்கிறோம். கறி, மீன், உருளைக்கிழங்கை வீசையில் வாங்குகிறோம். வீசை நம் தமிழ்ச் சொல்தான். பர்மியர் அதைப் பெய்த்தா என்பார்கள். சென்னையில் பழைய வீசை சுமார் 1.4 கிலோ. இங்கே ஒரு வீசை 1.63 கிலோ, சுமார் 3.6 பவுண்டு. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

பி.எம்.ஐ. கணக்கு

உடல் நிறை குறியெண் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். பேச்சில் எல்லோரும் பி.எம்.ஐ. என்கிறார்கள். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுப்பது. பவுண்டும் அங்குலமும் வைத்திருக்கிற நமக்கு வழி இது: பவுண்டு எடையை 703 ஆல் பெருக்குங்கள். வந்ததை அங்குல உயரத்தால் வகுங்கள். வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுங்கள்.

மச்சானையே எடுத்துக்கொள்வோம். உயரம் 5 அடி 5 அங்குலம், அதாவது 65 அங்குலம். எடை 148. 148 × 703 = 1,04,044. அதை 65 ஆல் வகுத்து, மறுபடி 65 ஆல் வகுத்தால் 24.6.

இந்த 24.6 நல்லதா கெட்டதா? எந்த அட்டவணையைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 18.5க்குக் கீழே மெலிவு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல் பருமன். அதன்படி மச்சான் சரியான எடைக்காரர். ஆனால் ஆசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே சர்க்கரையும் இருதய நோயும் தொடங்குவதைப் பார்த்து, 2004இல் அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 23, 27.5 என்ற இரண்டு எச்சரிக்கைப் புள்ளிகளைச் சேர்த்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் இன்னும் கறாராக, 23 முதல் அதிக எடை, 25 முதல் பருமன் என்று வைத்தார்கள். ரங்கூனில் எத்தனை தலைமுறை இருந்தாலும் நம் உடம்பு அந்த வழிவந்த உடம்புதான். நமக்கு 23ஐப் பிடித்துக்கொள்வதே நல்லது. மச்சான் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருந்தார்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் நோயாளிகளை நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. 1830களில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்தலே என்ற கணித, வானியல் அறிஞர் சராசரி மனிதனின் அளவுகளைத் தேடிக்கொண்டிருந்தார். வளர்ந்தவர்களின் எடை, உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வரும் எண்ணுக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார். அதற்கு இன்றைய பெயரை வைத்தது 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ். கூட்டத்தைக் கணக்கெடுக்க அது நல்ல கருவி. தனி ஆளிடம் வரும்போது எடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை, கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரே படத்தில் சாட்சி சொன்ன இரண்டு டாக்டர்கள் உண்டு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. சொல்லி வைத்த மாதிரி 22.3. உடம்பில் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேகாரருக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். முகாமில் யாராவது "எனக்கு எடை சரியாத்தான் இருக்கு" என்றால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இடுப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

தையல்காரன் அளக்கும் இடுப்பு வேறு, டாக்டர் கேட்கும் இடுப்பு வேறு. பேண்ட் எங்கே நிற்குமோ அங்கேதான் நான் அளப்பேன். தொப்பை வளர வளரப் பேண்ட் அதற்குக் கீழே இறங்கிவிடும். 34 பேண்ட் தைத்துக் கொடுத்த எத்தனையோ பேருக்குத் தொப்புள் பக்கம் அளந்தால் 40 இருந்திருக்கும். "இருபது வருஷமா 34தான்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. அளந்த இடம்தான் தவறு. கைலி முடிச்சுக்கும் இதே கதை.

சரி, எங்கே அளப்பது? பக்கவாட்டில் விரலால் விலாவைத் தடவிக்கொண்டே கீழே வாருங்கள். எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடம் கடைசி விலா. அங்கே பேனாவால் ஒரு புள்ளி. இப்போது இடுப்பில் கை வைத்து நிற்பது போல அழுத்துங்கள். கெட்டியாக ஒரு விளிம்பு தட்டும், அது இடுப்பெலும்பின் மேல் ஓரம். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது புள்ளி. டேப் போக வேண்டிய வழி அதுதான். சதை அதிகமாக இருந்தால் எலும்பு கைக்குத் தட்டாது. பக்கவாட்டில் மெதுவாக அழுத்தித் தேடுங்கள், கிடைக்கும்.

துணிக்கு மேலே அளக்கக் கூடாது. "அண்ணே, கைலிக்கு மேலயே அளந்துக்கங்க" என்று கூச்சப்படுகிறவர்கள் நிறைய. முகாமில் பெண்களுக்குத் திரை கட்டி, பெண்களே அளக்கிறார்கள். வீட்டில் அந்தக் கவலை இல்லை. கைலியை இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிக் கட்டி, சட்டையைத் தூக்கிக்கொண்டால் போதும்.

கால் இரண்டையும் சேர்த்து, இரண்டிலும் சமமாக எடை போட்டு நிற்க வேண்டும். கைகள் தொங்கட்டும். டேப் முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். பின்னால் அது நழுவி மேலே ஏறிவிடும், கூட இருப்பவர் சுற்றி வந்து பார்க்க வேண்டும். டேப் தோலைத் தொட வேண்டும், தோலில் பள்ளம் விழக் கூடாது. அப்புறம் முக்கியமான விஷயம், மூச்சு. டேப்பைப் பார்த்ததும் ஆண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள், தன்னை அறியாமலே. நான் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். ஊரில் மழை எப்படி, பையன் எங்கே வேலை செய்கிறான் என்று கேட்பேன். பதில் சொல்லி முடித்து இயல்பாக மூச்சு வெளியே போகும் கடைசியில் எண்ணைப் படிப்பேன். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளங்கள்.

தெற்காசிய வம்சாவளியினருக்கான எல்லை: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. நம் டேப்பில் ஏறக்குறைய 35½ அங்குலம், 31½ அங்குலம். அதைத் தொட்டால் எச்சரிக்கை. ஐரோப்பிய ஆண்களுக்கு இந்த எல்லை 94. நமக்குச் சலுகை குறைவு.

வயிற்றுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம் என்றால், தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படிக் கிடப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து வரும் ரத்தக்குழாய் வழியாக நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்பதில்லை, சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் ஏறுகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு இடம் மாறி வயிற்றுக்கு வரத் தொடங்கும். அதுவரை சரியாக இருந்த அக்காமார்களும் ஐம்பதுக்கு மேல் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு கயிறு போதும்

டேப் இல்லாத வீட்டுக்கும், எண் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது. ஒரு நூல் கயிற்றை உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பிடித்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிறு மேலே சொன்ன இடத்தில் இடுப்பைச் சுற்றி வந்து முனை தொட வேண்டும். தொடவில்லை என்றால் இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2022இல் இதையே சொன்னது: இடுப்பை உயரத்தால் வகுத்தால் 0.5க்குள் இருக்க வேண்டும், 0.5 முதல் 0.59 வரை ஆபத்து கூடுகிறது, 0.6க்கு மேல் அதிகம்.

மச்சான் உயரத்தில் பாதி 32½. இடுப்பு 38. வகுத்தால் 0.58. பி.எம்.ஐ. பொது அட்டவணையில் "சரி" என்று சொன்ன அதே ஆள்.

இன்னொரு உதாரணம். 4 அடி 11 அங்குலம், 110 பவுண்டு உள்ள ஒரு பெண்ணுக்கு பி.எம்.ஐ. 22.2. ஆசிய எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. இடுப்பு 33 என்றால் 80 சென்டிமீட்டர் எல்லையையும் தாண்டிவிட்டது, உயரத்தில் பாதியான 29½ஐயும் தாண்டிவிட்டது. ஒல்லியான கை கால், முன்னால் மட்டும் வயிறு. நம் ஆட்களில் இந்த உடம்பு மிகச் சாதாரணம். இவர்களைத்தான் தராசு ஏமாற்றுகிறது.

பின்புறத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு எடுத்து, இடுப்பை அதால் வகுக்கும் கணக்கும் உண்டு. ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 எல்லை. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்து 2005இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில் பி.எம்.ஐ.யைவிட இந்த விகிதமே மாரடைப்போடு நெருக்கமாக ஒத்துப் போனது. ஆனாலும் வீட்டில் இரண்டு இடம் அளந்தால் இரண்டு பிழை வரும். கயிறு போதும் என்பது என் கருத்து.

கொழுப்பு சதவீதம் காட்டும் மின்னணுத் தராசுகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பாதத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, உடம்பில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துக் கொழுப்பை ஊகிக்கும் கருவி அது. தண்ணீர் குடித்தாலும் வியர்த்தாலும் எண் மாறும். ஒரே தராசில் மாதாமாதம் போக்கைப் பார்க்கலாம். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அதில் ஏறவே கூடாது, கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

உடம்பில் தெம்பு எவ்வளவு

இடுப்பு ஒரு பக்கம். உடம்பு உழைக்குமா என்பது இன்னொரு பக்கம்.

நாடி முதலில். காலையில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை இயல்பு. தொடர்ந்து நடக்கிறவர்களுக்கு மாதங்கள் போகப் போக இது இறங்கும்.

அடுத்து மாடிப்படி. டவுன்டவுன் பழைய கட்டடங்களில் ஆறு மாடி, எட்டு மாடி, லிஃப்ட் இல்லை. அதனால்தான் தெருவெங்கும் பால்கனியிலிருந்து கயிறுகள் தொங்குகின்றன. நுனியில் ஒரு கிளிப் அல்லது பை. பேப்பர்காரர் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டுவார், மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கயிறு நமக்கு மிச்சப்படுத்திய படிகளை எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். 60 படிகளை, சுமார் நான்கு மாடியை, ஓடாமல் நிற்காமல் ஒரு நிமிடத்துக்குள் ஏற முடிந்தால் இருதயம் நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 2020இல் ஸ்பெயின் மருத்துவர்கள் இருதயப் பரிசோதனையோடு ஒப்பிட்டுச் சொன்ன அளவு இது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ மயக்கம் வந்தாலோ அங்கேயே உட்காருங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்றாவது சோதனைக்கு நாற்காலி வேண்டும், வயதானவர்களுக்கு இது மிகவும் பயன்படும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்து, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை பலவீனம் என்று ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்தது. அதே குழு கெண்டைக்கால் சுற்றளவையும் சொல்கிறது: அகலமான இடத்தில் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைவு, பெண்களுக்கு 33க்குக் குறைவு என்றால் தசை வற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய வயிறும் குச்சிக் காலும் சேர்ந்து இருந்தால் எடையைக் குறைப்பதற்கு முன்னால் தசையைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுங்கள். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும்.

எண்களை வைத்து என்ன செய்வது

2025 ஜனவரியில் லான்செட் இதழ்க் குழுமம் கூட்டிய சர்வதேச மருத்துவக் குழு, பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் என்று முடிவு கட்டக் கூடாது என்று எழுதியது. இடுப்பளவு போன்ற இன்னொரு அளவும் சேர வேண்டும். அதன் பிறகு உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வேலை முடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப்பு இருந்தால் அது நோய், வைத்தியம் வேண்டும். இல்லாவிட்டால் வரப்போகும் ஆபத்து, தடுக்க வழி இருக்கிறது.

ஆகவே இடுப்பு எல்லையைத் தாண்டியவர்கள், எடை எவ்வளவாக இருந்தாலும், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c), கொழுப்பு. ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 126ஓ மூன்று மாதச் சராசரியில் 6.5ஓ வந்தால் சர்க்கரை நோய், இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள். நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். "இடுப்பு இவ்வளவு, உயரத்தில் பாதி இவ்வளவு" என்று நீங்களே சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? பயப்படும் அளவுக்கு இல்லை. சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில் இலக்கு இரண்டே இரண்டு: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. சுமார் மூன்று ஆண்டில் புதிதாகச் சர்க்கரை வருவது 58 சதவீதம் குறைந்தது. 148 பவுண்டுக்காரருக்கு 7 சதவீதம் என்பது 10 பவுண்டு, ஏறக்குறைய மூன்று வீசை. சந்தையில் மூன்று வீசை உருளைக்கிழங்கைக் கையில் தூக்கிப் பாருங்கள். அதைத்தான் நாள் முழுக்க வயிற்றில் கட்டிக்கொண்டு படி ஏறுகிறோம்.

எங்கே குறைப்பது என்று கேட்டால் நான் டீக்கடையில் தொடங்குவேன். டீயில் ஊற்றும் கெட்டியான இனிப்பு டப்பாப் பால் 20 கிராமில் சுமார் 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு டீ குடிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். டீயை விட வேண்டாம், அது இல்லாமல் ரங்கூனில் ஒரு பேச்சும் நடக்காது. 'சோ' என்று இனிப்பாகக் கேட்பதை 'போ' என்று மாற்றுங்கள், இனிப்பைக் குறைத்துப் போடுவார்கள். இரண்டாவது கோப்பைக்கு மேசையிலேயே இருக்கும் பச்சைத் தேநீரை ஊற்றிக்கொள்ளலாம், அதற்குக் காசும் இல்லை. எண்ணெய் அடுத்தது. பர்மியக் குழம்பு எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை வேக வேண்டும், அதுதான் பக்குவம். அந்த எண்ணெயைச் சோற்றில் ஊற்றாமல் ஓரமாக ஒதுக்கலாமே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்காவும் நூடுல்ஸ் பிசைந்த அத்தோவும் சாப்பிடுங்கள், மேலே நொறுக்கிப் போடும் பொரித்ததைப் பாதியாக்குங்கள்.

நடை வாரம் 150 முதல் 300 நிமிடம். பேச்சு வரும், பாட்டு வராது என்கிற வேகம். கண்டோஜி ஏரிக்கரையில் விடியற்காலையில் நம் ஆட்கள் நிறையப் பேர் நடக்கிறார்கள், ஆனால் பாதிப் பேர் நடந்து முடித்து நேராக டீக்கடையில் எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரமான ஈச்சாக்குவேயோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வெளியே போக முடியாது, படி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிறைத்த சின்ன பாட்டில்களைத் தூக்குவது.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது

குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் மேலே சொன்ன எல்லைகளை வைக்கக் கூடாது. அவர்களுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் தனி வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, டாக்டர் பார்க்கட்டும். உறவினர்கள் முன்னால் பிள்ளையை நிற்க வைத்துத் தொப்பையைத் தட்டிச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்தப் பிள்ளை அதை மறக்காது. கர்ப்பிணிகளுக்கு இடுப்பளவு கிடையாது. ஈரல், சிறுநீரகக் கோளாறால் வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கும் கிடையாது. முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் போங்கள்.

மறுபடி எப்போது

எடை வாரம் ஒரு முறை. இடுப்பு மாதம் ஒரு முறை, பெண்கள் மாதவிடாய் முடிந்த வாரத்தில். நாற்காலியும் படியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தீமிதிக்கு, காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் அளந்தால் எண் இறங்கிக் காட்டும், விரதம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அளப்பதே கணக்கு. பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் விருந்து முடிந்த மறுநாளும் வேண்டாம்.

மச்சான் நோட்டில் முதல் பக்கம் 148 பவுண்டு, 38 அங்குலம், படி 1 நிமிடம் 50 வினாடி, அதுவும் டாக்டர் ஏறலாம் என்று சொன்ன பிறகு. பதினான்கு மாதம் கழித்து 141, 35¼, 1 நிமிடம் 10. எடையில் ஏழு பவுண்டுதான் குறைந்திருந்தது, 5 சதவீதம்கூட முழுதாக இல்லை. இடுப்பில் போனது இரண்டே முக்கால் அங்குலம். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார், ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள். உயரத்தில் பாதிக்கு வர இன்னும் இரண்டே முக்கால் அங்குலம் போக வேண்டும். அடுத்த அளவு தேதியை அக்கா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், டேப்பைக் கைலி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறாள்.